படத்தில் இருப்பது உங்கள் வண்டி இல்லையென்றால் அந்தச் சலானைக் கட்டாதீர்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: மதுரையில் அம்மா பெயரில் பதிவான சாம்பல் நிற ஸ்கூட்டரைக் கோயம்புத்தூரில் மகன் ஓட்டுகிறார். போன வாரம் அம்மாவின் செல்லுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கிறது, சென்னை வேளச்சேரியில் ஹெல்மெட் இல்லாமல் போனதற்கு ஆயிரம் ரூபாய் இ-சலான் என்று. அந்த வண்டி சென்னைப் பக்கமே போனதில்லை. படத்தைத் திறந்து பார்த்தால் அதில் நிற்பது ஒரு கறுப்பு பைக். கூட வேலை பார்ப்பவர்கள் "ஆயிரம்தானே, கட்டிவிட்டு வேலையைப் பார்" என்கிறார்கள், அம்மாவோ போலீஸ் வீட்டுக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் சரியாகத் தூங்கவில்லை. யாரிடம் போய் என்ன சொல்வது?

தம்பி, முதலில் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, இந்த ஒரு சலானுக்காக யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை என்று சொல்லுங்கள். அப்புறம் மற்றதைப் பார்ப்போம். நான் மதுரையில் 20 வருடத்துக்கு மேலாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைகளும் பார்த்துக் கொடுப்பதால் இதே கதையோடு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்களில் பாதிப் பேர் வரும்போதே பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள், அதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம், ஏனென்றால் கட்டின பிறகு அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

கட்டுவதில் என்ன தப்பு என்று கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 200ஆவது பிரிவின்படி நீங்கள் செலுத்துவது இணக்கத் தொகை, அதாவது குற்றத்தை நீதிமன்றம் போகாமல் அங்கேயே தீர்த்துக்கொள்வதற்கான பணம். அதைக் கட்டினால் அந்த விவகாரம் முடிந்தது, முடிந்ததை மறுபடி திறந்து "அது நான் இல்லை" என்று சொல்ல வழி கிட்டத்தட்ட இல்லை. இன்னொன்று, ஹெல்மெட் குற்றத்துக்கான 194டி பிரிவு ஆயிரம் ரூபாயோடு நிற்கவில்லை, மூன்று மாதம் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியிழப்பு என்றும் அதில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் எல்லோருக்கும் அதைச் செய்வதில்லை, ஆனாலும் செய்யாத தப்பை உங்கள் அம்மா கணக்கில் ஏற்றி வைக்க எந்தக் காரணமும் இல்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சத்துணவு அமைப்பாளர் அம்மா என்னிடம் வந்தார். முதல் சலான் வந்தபோது மகன் ஆன்லைனில் கட்டிவிட்டான், அடுத்த மாதம் இன்னொன்று, அதையும் கட்டினார்கள், மூன்றாவது வந்தபோதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றிலும் ஒரே ஆள், ஒரே வண்டி, இவர்கள் வண்டி இல்லை. யாரோ இவர்களுடைய நம்பரைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். அவர்கள் கட்டிய ஒவ்வொரு முறையும் அவனுக்கு வேலை சுலபமானது. சம்பளம் எவ்வளவு என்று அவரே சொன்னார், அதில் இரண்டு சலான் பணம் இப்படிப் போனது எனக்கு இன்றும் மனசு கேட்கவில்லை. முதல் சலானிலேயே எதிர்த்திருந்தால் அந்த வண்டியைப் பற்றி அப்போதே போலீசுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, இப்போது உங்கள் விஷயம். படத்தைத் திறந்து பார்த்ததாகச் சொல்கிறீர்கள், எங்கிருந்து திறந்தீர்கள் என்பது முக்கியம். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பிலிருந்தோ, ஏ.பி.கே. என்று முடியும் ஃபைலிலிருந்தோ என்றால் அதைத் தொடாதீர்கள், சலான் பெயரில் செல்லுக்குள் புகுந்து பேங்க் ஓ.டி.பி.யைத் திருடுகிற மோசடி நாடு முழுக்க நடக்கிறது. ஏற்கனவே நிறுவியிருந்தால் நெட்டை அணைத்துவிட்டு, பேங்குக்குச் சொல்லிவிட்டு, 1930க்குப் போன் செய்யுங்கள். உண்மையான சலான் என்றால் கண்ட பெயரில் வருகிற தளங்களில் இருக்காது, மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் இருக்கும், முகவரி கவ்.இன் (gov.in) என்றுதான் முடியும். அதை நீங்களே டைப் செய்து உள்ளே போய் வண்டி நம்பரும் சேஸிஸ் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி ஐந்து இலக்கமும் கொடுத்துப் பாருங்கள். அங்கே இருந்தால் சலான் நிஜம். இல்லையென்றால் மெசேஜை அழித்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

நிஜம் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் எதை நிரூபிக்க வேண்டும் என்று தெரியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ரோட்டில் நிற்கும் எஸ்.ஐ. கையில் ஒரு மெஷின் வைத்திருப்பார், ஓடுகிற வண்டியைப் படம் எடுத்துவிட்டு நம்பரைக் கையால் அடிப்பார். அடித்த உடனே வண்டி மாடல், நிறம், உரிமையாளர் பெயர், செல் நம்பர் எல்லாம் வாகன் என்கிற பதிவுத் தரவிலிருந்து தானாக வந்து விழும். ஒரு எண்ணைத் தப்பாக அடித்தால் வேறொருவர் விவரம் வந்து விழும், டிராஃபிக் நேரத்தில் அதைச் சரிபார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. கேமரா சலானிலும் இதே கதைதான், அங்கே கைக்குப் பதிலாக மென்பொருள் நம்பரைப் படிக்கிறது, அது 8ஐ பி என்றும், 1ஐ 7 என்றும், எம்மை என் என்றும் படித்துவிடும். மூன்றாவது வகைதான் அந்த அம்மாவுக்கு நடந்தது, வேண்டுமென்றே உங்கள் நம்பரைப் போட்டுக்கொண்டு ஓடுவது. முதல் இரண்டும் பிழை, மூன்றாவது குற்றம். கையாளும் விதமும் வேறு.

உங்களுடையது எது என்று படமே சொல்லிவிடும். படத்தை செல்லில் பார்க்காதீர்கள், கம்ப்யூட்டரில் இறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். போன வருடம் ஒரு டீச்சர் இப்படித்தான் வந்தார், அவருடைய வண்டி ஸ்கூட்டி, படத்தில் ஒரு பைக்கின் பின்பக்கம், நம்பர் என்னவோ அப்படியே அவருடையதுதான் என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார், யாரோ திருட்டு நம்பர் போட்டிருக்கிறார்கள் என்று அழுதார். ஸ்க்ரீனில் நாலு மடங்கு பெரிதாக்கினோம். பிளேட்டை மாட்டியிருந்த போல்ட் இரண்டும் எழுத்து வரிசைக்கு நடுவிலேயே இறங்கியிருந்தன, துருப்பிடித்த கறுப்புத் தலை, அதில் ஒன்று 3 என்ற எண்ணின் இடது பக்கத் திறப்பில் சரியாக உட்கார்ந்து அதை 8 மாதிரி காட்டியது. மற்ற எண்களின் கோட்டைவிட அந்த இடம் மட்டும் தடிமனாக, ஓரம் உருண்டையாக இருந்தது. அந்த இடத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்திலேயே அவருடைய பிளேட்டின் படத்தையும் வைத்து ஒரே தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். ஆய்வாளர் பார்த்த மாத்திரத்தில் தலையாட்டினார். பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் அந்த ஒரு தாள் செய்ததைச் செய்திருக்காது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு வசதி இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. சலானின் எழுத்துப் பகுதியில் வண்டியின் வகையும் மாடலும் வாகன் தரவிலிருந்து வந்திருக்கும், அங்கே ஸ்கூட்டர் என்று இருக்கும். படத்தில் பைக். அதாவது அவர்களுடைய தாளே இரண்டு வண்டியைச் சொல்கிறது. கார் வைத்திருப்பவருக்கு ஹெல்மெட் போடவில்லை என்று சலான் வருவதெல்லாம் இப்படித்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. அதனால் வாதத்தை அங்கிருந்தே தொடங்குங்கள், "நான் சென்னைக்கே போகவில்லை" என்பதை இரண்டாவதாக வையுங்கள். போகவில்லை என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஸ்கூட்டர் பைக் ஆகாது என்பதை யாரும் மறுக்க முடியாது.

படம் மங்கலாக இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை என்றால் அதுவும் உங்களுக்குச் சாதகமான விஷயம்தான். கேமரா மூலம் போடும் சலானுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒரு விதி 2021 ஆகஸ்டில் வந்தது. குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரிகிற படம், நாள், நேரம், இடம், எந்தப் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் எல்லாம் நோட்டீசில் இருக்க வேண்டும், குற்றம் நடந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது அந்த விதி. கருவிக்கும் அங்கீகாரச் சான்று வேண்டும், அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து, முகமும் நம்பரும் தெரியாத ஒரு படத்தோடு கேமரா சலான் வந்தால் இதைக் குறிப்பிட்டே எழுதுங்கள். ஆனால் இது எஸ்.ஐ. கையால் போட்ட சலானா, கேமரா போட்டதா என்று முதலில் பாருங்கள், கையால் போட்டதற்கு இந்த விதியைக் காட்டினால் உங்கள் மனுவின் மற்ற பகுதிக்கும் மதிப்புக் குறைந்துவிடும்.

அடுத்து ஆதாரம் சேர்ப்பது, இதை இன்றே செய்யுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சீக்கிரமே அழிந்து மேலே மேலே பதிவாகிக்கொண்டே போகும். அபார்ட்மெண்டிலோ ஆபீஸ் பார்க்கிங்கிலோ அந்த நாள் அந்த நேரத்துக்கு உங்கள் வண்டி நிற்பது பதிவாகியிருந்தால் செக்யூரிட்டியிடம் கேட்டு அந்தத் துண்டை வாங்கி வையுங்கள். ஆபீசில் கைரேகை வருகைப் பதிவு இருந்தால் அன்றைய நாளுக்கு எச்.ஆர். கையெழுத்தோடு ஒரு தாள் வாங்குங்கள், ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், அது நீங்கள் கோவையில் இருந்ததைக் காட்டும், வண்டி எங்கே இருந்தது என்பதைக் காட்டாது. வண்டியையே இடத்தோடு கட்டிப்போடுகிற ஆதாரம்தான் வலுவானது. எனக்குத் தெரிந்து இதில் முதலிடம் சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டுக்கு, அன்று வண்டி சர்வீசுக்கு விட்டிருந்தால் உள்ளே வந்த நேரம், கிலோமீட்டர், வெளியே போன நேரம் எல்லாம் அதில் இருக்கும். கார் என்றால் ஃபாஸ்டேக் ஸ்டேட்மெண்ட் நல்ல ஆதாரம், எந்த டோல்கேட்டை எப்போது கடந்தது என்பது இருக்கும். ஸ்கூட்டருக்கு அது கிடையாது.

அப்புறம் வண்டியைப் படம் எடுங்கள். பகல் வெளிச்சத்தில் முன், பின், இரண்டு பக்கம், பிளேட் தனியாக, சேஸிஸ் நம்பர் தனியாக. 2019 ஏப்ரல் 1க்குப் பிறகு விற்ற வண்டி என்றால் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இருக்கும், அசோகச் சக்கர ஹாலோகிராம், நீல நிறத்தில் இந்தியாவைக் குறிக்கும் மூன்று எழுத்து, கீழே இடது ஓரத்தில் லேசரால் பொறித்த தனி எண். அந்த லேசர் எண்ணைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுங்கள், ஏனென்றால் சலான் படத்தில் இருக்கும் வண்டியில் பெயின்ட் கடையில் எழுதிய பிளேட் இருந்தால் வேறுபாடு அங்கேயே முடிந்துவிடுகிறது. திருட்டு நம்பர் போடுகிறவன் சில சமயம் அதே மாடல் அதே நிறத்தைத் தேடிப் பிடித்துப் போடுவான், அப்போது இது மாதிரிச் சின்ன விஷயங்கள்தான் கைகொடுக்கும்: கிராஷ் கார்டு இருக்கிறதா, கண்ணாடி என்ன வடிவம், சீட் கவர், டேங்கில் ஒட்டிய சாமி ஸ்டிக்கர், பின் மட்கார்டில் அடிபட்ட நெளிவு.

மனு எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள், வண்டி அம்மா பெயரில் இருக்கிறது, சட்டம் உரிமையாளர் என்று சொல்வது பதிவில் பெயர் இருப்பவரைத்தான். ஆகவே மனு அம்மா பெயரில், அம்மா கையெழுத்தோடு போக வேண்டும். நீங்கள் அலைவதற்கு அவரிடம் ஒரு அதிகாரக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், வெள்ளைத் தாளில் இரண்டு வரி போதும். பலர் மகனோ கணவரோ தன் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு, "உரிமையாளர் வரட்டும்" என்று திருப்பி அனுப்பப்பட்டு ஒரு வாரம் வீணடிக்கிறார்கள்.

மனு இப்படி இருந்தால் போதும், நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இதுதான்:

"ஐயா, மேற்கண்ட எண்ணுள்ள சலான் இன்ன தேதி, இன்ன நேரத்தில், வேளச்சேரியில் ஹெல்மெட் அணியாமல் சென்றதாக எனது வாகனப் பதிவு எண்ணில் போடப்பட்டுள்ளது. எனது வாகனம் சாம்பல் நிற ஸ்கூட்டர். சலானில் உள்ள படத்தில் இருப்பது கறுப்பு நிற மோட்டார் சைக்கிள். இரண்டும் வெவ்வேறு வாகனங்கள் என்பதை இணைப்பு 1இல் ஒப்பிட்டுக் காட்டியுள்ளேன். குறிப்பிட்ட நேரத்தில் எனது வாகனம் கோயம்புத்தூரில் நின்றிருந்ததற்கான பதிவு இணைப்பு 2. ஆர்.சி., இன்ஸ்யூரன்ஸ் நகல்கள் இணைப்பு 3. படத்தை எனது வாகனப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து இந்தச் சலானை ரத்து செய்து, அதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எனது பதிவு எண்ணை வேறு யாரேனும் பயன்படுத்துகிறார்களா என்றும் விசாரிக்க வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். கோபம் வேண்டாம், குடும்பக் கஷ்டம் வேண்டாம், "கருணை கூர்ந்து" என்ற வார்த்தையும் வேண்டாம். கருணை கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சலுகை கேட்பது போல ஆகிவிடும், நீங்கள் கேட்பது ஒரு பிழையைத் திருத்துவது.

இதை இரண்டு வழியில் அனுப்புங்கள். ஒன்று, பரிவாகன் இ-சலான் தளத்திலேயே புகார் பதிவு செய்ய இடம் இருக்கிறது, சலான் எண்ணைப் போட்டு, அந்த ஒப்பீட்டுத் தாளை ஏற்றி, கிடைக்கும் டிக்கெட் எண்ணைக் குறித்து வையுங்கள். இரண்டு, சலானில் எந்தப் பிரிவு, எந்த அதிகாரி என்று இருக்கும், அந்த டிராஃபிக் போலீஸ் அலுவலகத்துக்கே ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். சென்னையில் சொந்தக்காரர் யாராவது இருந்து நேரில் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது, நகலில் சீல் போட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். "பார்த்துக்கறோம், போங்க" என்று வாயால் சொன்னதை நம்பி வந்துவிடக் கூடாது. நல்ல மனுஷராகவே இருப்பார், ஆனால் அடுத்த மாதம் அவருக்கு மாறுதல் வரலாம், உங்கள் கையில் சீல் போட்ட நகல் இருந்தால்தான் அடுத்தவரிடம் பேச முடியும். பதிலே இல்லையென்றால் முதல்வரின் உதவி மையம் 1100இல் டிக்கெட் எண்ணோடு புகார் வையுங்கள், கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த மனு அதற்குப் பிறகு நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் சீக்கிரம் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கட்டாமல் கிடக்கும் சலான் ஒரு கட்டத்தில் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது ஆன்லைனிலேயே நடக்கிற கோர்ட்டுக்குப் போய்விடும். அங்கே போன பிறகு டிராஃபிக் அலுவலகத்தில் கேட்டால் "கோர்ட்டுக்குப் போயிடுச்சு, எங்க கையில் இல்லை" என்பார்கள், அது நிஜமும்கூட. அப்படிப் போய்விட்டாலும் பதறாதீர்கள். விகோர்ட்ஸ் என்ற அரசுத் தளத்தில் தமிழ்நாட்டுக்கான பிரிவைத் தேர்ந்தெடுத்து, சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ கொடுத்தால் வழக்கு வரும், செல்லுக்கு ஓ.டி.பி. வரும், திறந்ததும் இரண்டு வாய்ப்பு இருக்கும், அபராதம் கட்ட விரும்புகிறேன் என்று ஒன்று, வழக்கை எதிர்கொள்ள விரும்புகிறேன் என்று ஒன்று. இரண்டாவதை அழுத்துங்கள். அழுத்தியதும் வழக்கு அந்த எல்லைக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும், தேதி வரும். முதலாவதைத் தவறி அழுத்திக் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே முடிந்துவிடும், அதனால் செல்லை அம்மாவிடம் கொடுத்துச் செய்யச் சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

கோர்ட் என்றதும் பயம் வரும், எனக்குத் தெரியும். ஆனால் இவை சுருக்க விசாரணையில் முடிகிற சின்ன வழக்குகள். தேதிக்குப் போங்கள், பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று குற்றத்தை மறுக்கிறேன் என்று சொல்லுங்கள், அந்த ஒப்பீட்டுத் தாளையும் ஆர்.சி. நகலையும் கொடுங்கள். குற்றம் நடந்ததையும் அது உங்கள் வண்டிதான் என்பதையும் நிரூபிக்க வேண்டியது போலீஸ் தரப்பு. நீதிபதி படத்தைப் பார்த்துவிட்டு போலீசிடம் அறிக்கை கேட்கலாம், இன்னொரு தேதி போடலாம், அதற்கும் போக வேண்டும். தேதிக்குப் போகாமல் விட்டால் மட்டும்தான் பிரச்சினை, சம்மனுக்குப் போகவில்லையென்றால் வாரண்ட் வரை போக வழி இருக்கிறது. வக்கீல் வைக்கக் காசு இல்லையென்றால் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, உங்கள் விஷயத்தில் மனுதாரர் அம்மா என்பதால் இதைக் குறித்து வையுங்கள். லோக் அதாலத்தில் போட்டுப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். தப்பு செய்தவருக்கு அது நல்ல வழி. செய்யாதவர் பாதி எதற்குக் கட்ட வேண்டும்?

பழைய சலான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை நடந்து ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்திருக்க வேண்டும் என்று காலவரம்பு இருக்கிறது, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யின் 468ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 514ஆவது பிரிவு. இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய சலானைத் தூசு தட்டி எடுத்து வந்தால் இதைக் கேட்கச் சொல்லுங்கள் வக்கீலிடம்.

படத்தில் நம்பர் சந்தேகமே இல்லாமல் உங்களுடையதுதான், வண்டி மட்டும் வேறு என்றால் கதை மாறுகிறது. அப்போது சலானை ரத்து செய்வது சின்ன வேலை, போலீசில் புகார் கொடுப்பதுதான் பெரிய வேலை. அந்த வண்டி நாளைக்குச் செயின் பறிப்புக்குப் போகலாம், ஆளை இடித்துவிட்டு நிற்காமல் போகலாம், தேடி வருவது உங்கள் அம்மா முகவரிக்கு. உடனே புகார் கொடுத்து, குறைந்தது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள், எஃப்.ஐ.ஆர். போட்டால் இன்னும் நல்லது. "சம்பவம் சென்னையில், நீங்கள் சென்னைக்குப் போங்கள்" என்று உள்ளூர் ஸ்டேஷனில் சொன்னால், 2024 ஜூலை 1இலிருந்து நடைமுறையில் உள்ள அந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173ஆவது பிரிவின்படி எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை மரியாதையாகச் சொல்லுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் புகார் போடலாம். அந்த சி.எஸ்.ஆர். நகலை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு கடிதத்தோடு அனுப்புங்கள், வண்டியிலும் ஒரு நகல் வையுங்கள், வழியில் நிறுத்தினால் காட்ட உதவும்.

நம்பர் எப்படி வெளியே போகிறது என்று கேட்பீர்கள். பழைய வண்டி விற்கப் போடும் விளம்பரங்களில் பிளேட் பளிச்சென்று தெரியும்படி படம் போடுகிறார்கள், மாடலும் நிறமும் ஊரும் கூடவே இருக்கும். வண்டியை விற்கும்போது அந்த இடத்தை மறைத்துப் போடுங்கள்.

விற்பது என்றதும் இதையும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் "என் பெயரில் வந்திருக்கிறது, நான் இல்லை" என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் வண்டியை விற்றவர்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவத்தில் வெறும் தாளாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்தை வாங்கினவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுகிறார்கள். வாங்கினவன் புரோக்கர், அவன் இன்னொருவனுக்கு விற்கிறான், அவன் வேறொருவனுக்கு. சலான் மட்டும் வருவதென்றால் பரவாயில்லை, விபத்து நடந்தால் நஷ்டஈடு கேட்டுப் பதிவில் பெயர் இருப்பவருக்கே நோட்டீஸ் வரும். வண்டி பல கை மாறியிருந்தாலும் பதிவில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018இல் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 50ஆவது பிரிவு சொல்கிறது, வாங்கியவருக்கு 30 நாள். அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி டீலரிடம் விட்டால் படிவம் 29சி மூலம் ஒப்படைப்பைப் பதிவு செய்ய 2023 ஏப்ரலிலிருந்து வழி இருக்கிறது. இதெல்லாம் செய்யாமல் சலான் வந்து நிற்பவர்கள் டெலிவரி நோட், வாங்கியவரின் ஆதார் நகல், பணம் வந்த பேங்க் வரவு, இந்த மூன்றையும் இணைத்து மனு கொடுக்க வேண்டும். டெலிவரி நோட்டில் தேதியோடு நேரமும் எழுதியிருந்தால் அவர் தப்பினார். ரத்து ஆகலாம், ஆகாமலும் போகலாம், எப்படியானாலும் அன்றைக்கே பெயர் மாற்றத்தைத் துரத்த ஆரம்பிக்க வேண்டும்.

வண்டி உங்களுடையதேதான், ஓட்டியது மட்டும் வேறு ஆள் என்பது கடைசி வகை. தம்பியோ நண்பனோ எடுத்துப் போயிருப்பான். இதில் "நான் ஓட்டவில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது, 133ஆவது பிரிவின்படி போலீஸ் கேட்டால் ஓட்டியவர் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரத்தை உரிமையாளர் சொல்ல வேண்டும். ஹெல்மெட் விஷயத்தில் ஓட்டுகிறவரோடு, அப்படி ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்தே 194டி சொல்கிறது. அதனால் வண்டியைக் கொடுத்தது நீங்கள் என்றால் நேர்மையாகப் பெயரைச் சொல்லுங்கள், அல்லது அந்த நண்பனைக் கட்டச் சொல்லுங்கள். 18 வயது ஆகாத பையன் ஓட்டியது என்றால் விஷயம் ஆயிரத்தில் முடியாது, 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் இருக்கிறது. அந்த மாதிரி வந்தால் மனு எழுதுவதை விட்டுவிட்டு நேராக வக்கீலிடம் போங்கள்.

உங்களுக்கு இது எதுவும் இல்லை, நீங்கள் சொன்னபடி படத்தில் வேறு வண்டி என்றால் இந்த வாரமே ஒப்பீட்டுத் தாளைத் தயார் செய்து அம்மாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுங்கள். பெரிதாக்கிய படத்தில் நம்பர் என்னவாகத் தெரிகிறது என்று எனக்கும் சொல்லுங்கள், பிழையா திருட்டு நம்பரா என்று பார்த்துவிட்டு மனுவின் கடைசி வரியை அதற்குத் தகுந்தாற்போல் மாற்றித் தருகிறேன். ரத்து ஆனதாகத் தகவல் வந்தாலும் பரிவாகனில் நீங்களே வண்டி எண்ணைப் போட்டு நிலுவை போய்விட்டதா என்று பாருங்கள், அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு வையுங்கள், நிலுவை காட்டிக்கொண்டிருந்தால் நாளைக்கு வண்டியை விற்கப் போகும்போது பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். வாகன் பதிவில் அம்மாவின் இப்போதைய செல் நம்பர்தான் இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள், மெசேஜ் வந்ததால் இருக்கிறது என்றுதான் தெரிகிறது, ஆனால் பழைய நம்பர் இருந்து சலானே தெரியாமல் கோர்ட் வரை போனவர்கள் நிறையப் பேர். அதன்பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு, வாரம் ஒருமுறை அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். இன்னொன்று விழுந்தால் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.